டெனிமுக்கும் ஓர் அளவு ஜாக்கெட்

தமிழில் ஜாக்கெட் என்றால் முதலில் புடவை ஜாக்கெட்தான். தில்லிக்கு வேலைக்குப் போன பெண் "குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்று போனில் சொன்னால், ஊரிலிருக்கும் பாட்டி "ஏம்மா, அங்க தைக்க ஆள் இல்லையா?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் பெரிய தப்பில்லை. புடவை ஜாக்கெட் சரியாக உட்காருவதும் உட்காராமல் போவதும் எந்தக் காரணங்களாலோ, அதே காரணங்களால்தான் டெனிம் ஜாக்கெட்டும்: தோள், கைக்குழி, மார்பு, உயரம். நன்றாகப் பொருந்திய பழையது ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று பையில் போட்டுக்கொண்டு தையற்கடைக்குப் போகிற பழக்கம் நம் வீடுகளில் புதிதல்ல. தில்லி சரோஜினி நகர்ச் சந்தையில் துணிக் குவியலுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அதெல்லாம் மறந்துபோய், எம் எழுதியிருக்கிறதா, எல் எழுதியிருக்கிறதா என்று லேபிளைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

உடம்பைப் பேரிக்காய், ஆப்பிள், மணல்கடிகாரம் என்று பிரித்துச் சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. பாதிப் பேர் இரண்டு பழங்களுக்கு நடுவில்தான் இருப்பார்கள். அதைவிட உதவுவது ஒரு எளிய கணக்கு. டெனிம் ஜாக்கெட்டில் உடம்பைக் குறுக்கே கடக்கும் கோடுகள் மூன்று: தோளை மூடும் மேல்துண்டான யோக் முடியும் இடத்தில், மார்புக்கு மேலே ஓடும் தையல், சட்டைப்பை மூடிகளின் வரிசை, கீழே இடுப்புப் பட்டி. பார்ப்பவர் கண் இந்தக் கோடுகளில் தங்கி அகலத்தை எடைபோடும். கோடு விழும் இடம் அகலமாகத் தெரியும். மூன்றில் கீழ்ப்பட்டிதான் பெரிய ஆள். ஜாக்கெட் எங்கே முடிகிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்ற பிழைகள் பாதி மறைந்துவிடும்.

டேப் எடுத்து ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடரியில், தலையைக் குனிந்தால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பின் மிக ஒடுங்கிய இடம் வரை ஒன்று. அதே எலும்பிலிருந்து பின்புறம் மிக அகலமான இடம் வரை இரண்டு. ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை, முதுகுப் பக்கமாக, மூன்று. மார்புச் சுற்றளவு, ஜாக்கெட்டுக்கு உள்ளே போடப்போகும் துணியோடு சேர்த்து, நான்கு. தோள் முனையிலிருந்து கையைச் சற்று மடக்கிய நிலையில் மணிக்கட்டு எலும்பு வரை ஐந்து. கையை நீட்டி அளந்தால் பைக் ஓட்டும்போது கை ஒரு அங்குலம் மேலே ஏறிவிடும்.

முதல் இரண்டு அளவுகளில்தான் விஷயம் இருக்கிறது. 5 அடி 2 அங்குல உயரமுள்ள பெண்ணுக்குப் பிடரியிலிருந்து இடுப்பு ஏறத்தாழ 15 அங்குலம் வரும். அங்கிருந்து இன்னும் 8 அங்குலம் இறங்கினால் பின்புறத்தின் அகலமான இடம். அதாவது 23, 24 அங்குலம். ஆண் பெண் இருவருக்கும் பொது என்று விற்கும் பல ஜாக்கெட்டுகளின் முதுகு நீளமும் ஏறக்குறைய இதேதான். அதைப் போட்டால் பட்டி நேராகப் போய் மிக அகலமான இடத்தில் உட்கார்ந்து, அங்கே ஒரு கட்டுப் போட்டதுபோல் நிற்கும். "டெனிம் எனக்குச் செட் ஆகாது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இவ்வளவுதான். பின்புறம் அகலமாக உள்ளவர்களுக்கு 18 முதல் 20 அங்குலம் வரை உள்ளது சரி. அகலமான இடத்துக்குக் குறைந்தது 3 அங்குலம் மேலே முடிந்துவிட வேண்டும். நீளமாகத்தான் வேண்டும் என்றால் அதைத் தாண்டி 3, 4 அங்குலம் கீழே போகட்டும். ஆனால் அந்த நீளத்தில் பட்டி இருக்கக் கூடாது, நேர் விளிம்பாக இருக்க வேண்டும்.

வயிறு முன்னால் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பின்நீளத்தைவிட முன்நீளம் முக்கியம். பட்டி தொப்புள் மட்டத்தில் வந்து முடிந்தால், வயிற்றின் உச்சியில் ஏறி நின்று கூடாரம் போல விரியும். அதற்கு 3 அங்குலம் கீழே இறங்கி முடியும் நேர்வெட்டு ஜாக்கெட்டை, பட்டன் போடாமல் திறந்துவிட்டு அணிவதே நல்லது. திறந்திருக்கும் இரு விளிம்புகளும் மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடுகள் ஆகின்றன. உள்ளே ஒரே நிறத்தில் சட்டையும் பேண்ட்டும் இருந்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவில் உடம்பு ஒடுங்கித் தெரியும். ஆனாலும் ஒரு முறை எல்லாப் பட்டனையும் போட்டுப் பாருங்கள். பூட்டவே வராத ஜாக்கெட் திறந்திருக்கும்போதும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

இனி தோள். கடையில் கண்ணாடி முன் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான், ஏனென்றால் பிறகு திருத்தக் கட்டுப்படியாகாதது இது. தோள்தையல் எலும்பு முனையிலிருந்து அரை அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். உள்ளே ஏறி நின்றால் கை மேல்பாகத்தில் குறுக்குச் சுருக்கங்கள் விழும், ஜாக்கெட் இரவல் வாங்கியதுபோல இருக்கும். வெளியே ஒரு அங்குலம் தள்ளி நின்றால் அது ஃபேஷனும் இல்லை, பொருத்தமும் இல்லை. கடைக்காரர் "ஓவர்சைஸ்" என்றுதான் சொல்வார். உண்மையான ஓவர்சைஸில் தோள் 2, 3 அங்குலம் கீழே இறங்கும்படி வெட்டப்பட்டு, கைக்குழியும் அதற்கேற்ப ஆழமாகி, கை நீளம் குறைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஜாக்கெட்டில் இரண்டு சைஸ் பெரியதை எடுத்தால் இதில் எதுவும் நடக்காது. கழுத்து விரியும், கை விரல்வரை வரும்.

குறுகிய தோளும் அகன்ற இடுப்பும் உள்ளவர்களுக்கு விறைப்பான தோள், எழுந்து நிற்கும் காலர், மார்பில் இரண்டு பைகள் எல்லாம் நண்பர்கள். மேலே கண்ணை இழுத்துச் சமன் செய்யும். அகன்ற தோளுக்கு இவையே பகை. அவர்கள் யோக் தையல் ஆரஞ்சு நூலில் பளிச்சென்று தெரியாத, துணி நிறத்திலேயே தைத்த ஜாக்கெட்டைத் தேடலாம். தோளில் பட்டை வைத்தது வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் கைவிடும் பைகள் இருந்தால் கீழே கொஞ்சம் கனம் சேரும். சரிந்த தோளுக்குக் கனமான காலர் ஆகாது. காலரின் எடை பின்பக்கம் இழுத்து, பிடரிக்கும் காலருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழும். கணினி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களுக்கும் இந்த இடைவெளி வரும், கூடவே பின்விளிம்பு மேலேறி முன்விளிம்பு தொங்கும். அதற்குச் சைஸ் மாற்றிப் பயனில்லை. முதுகில் இரண்டு பக்கமும் மடிப்பு வைத்த வெட்டுதான் அந்த வளைவுக்கு இடம் கொடுக்கும்.

தோள் சரியாக நின்றதும் இரண்டு கையையும் தூக்கி, மெட்ரோவில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல நில்லுங்கள். கீழ்ப்பட்டி 2 அங்குலத்துக்கு மேல் ஏறினால் கைக்குழி மிகவும் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் லூசாக எடுப்பார்கள். கைக்குழி அக்குளுக்கு அருகில் இருந்தால்தான் கை தனியாக அசையும். தொங்கினால் கையோடு சேர்ந்து முழு ஜாக்கெட்டும் எழும். புடவை ஜாக்கெட் தைப்பவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

மார்பு அளவில் எவ்வளவு கூடுதல் விடுவது? டி ஷர்ட்டுக்கு மேல் என்றால் 2 முதல் 3 அங்குலம் போதும். ஸ்வெட்டருக்கு மேல் என்றால் 4, 5. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, பட்டன் போட்டு, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் மார்பளவு. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு இரண்டாவது மூன்றாவது பட்டனுக்கு நடுவில் வாய் பிளக்கும். அப்போது மார்புக்கு ஏற்ற சைஸை எடுத்துப் பக்கங்களைப் பிடிக்கக் கொடுங்கள். துணி மார்பின் மேல் ஏறி இறங்குவதால் முன்விளிம்பும் ஒரு அங்குலம்போல உயரும், அதையும் நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பை மூடி மார்பின் உச்சியில் விழக் கூடாது, அதற்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே மடிப்பு வைத்த புடைப்பான பைகளைத் தவிர்த்து, தட்டையான சின்னப் பைகள்.

இன்று கடைகளில் கிடைக்கும் வெட்டுகள் பெரும்பாலும் லீவைஸ் நிறுவனத்தின் மூன்று பழைய மாதிரிகளின் வாரிசுகள். முதலாவது ஒற்றைப் பை, முன்னால் மடிப்புகள், பின்னால் இழுத்துக் கட்டும் பக்கிள் என்று குட்டையாகப் பெட்டிபோல இருக்கும். 1953இல் வந்த இரண்டாவதில் பை இரண்டானது, பக்கிளுக்குப் பதில் இடுப்பின் இருபுறமும் பட்டைகள். 1960களில் வந்த மூன்றாவதுதான் எல்லோரும் 'ட்ரக்கர்' என்று சொல்வது: பைகளின் கீழிருந்து பட்டியை நோக்கி இரண்டு தையல்கள் உள்பக்கமாகச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு இடுப்பை ஒடுக்கிக் காட்டும். அகன்ற தோளுக்கும் வயிறு இல்லாத கனமான உடம்புக்கும் பொருந்தும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக உள்ள மெலிந்த உடம்புக்கு முதல் இரண்டும் நல்லது. முன் மடிப்பு கொஞ்சம் பருமன் தரும், பின் பக்கிளை இழுத்தால் இல்லாத இடுப்பும் வந்துவிடும்.

துணியின் எடையைக் கேட்டால் பல கடைக்காரர்கள் விழிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். டெனிமைச் சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று அளப்பார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிராம். 8 அவுன்ஸுக்குக் கீழே இருந்தால் அது சட்டைத் துணி. ஜாக்கெட்டுக்கு 10 முதல் 14. கனமான உடம்புக்கு மெல்லிய, எலாஸ்டேன் கலந்த, இழுபடும் துணிதான் சுகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுகம் உண்மை, தோற்றம் அப்படியில்லை. இழுபடும் துணி உடம்பின் ஒவ்வொரு மடிப்பையும் அப்படியே படம் எடுத்துக் காட்டும், சில மாதங்களில் முழங்கை உப்பிக்கொள்ளும். 11, 12 அவுன்ஸ் முழுப் பருத்தி தன் வடிவத்தைத் தானே பிடித்து நிற்கும். 14 அவுன்ஸ் விறைப்பு குள்ளமானவர்கள்மேல் அட்டைப்பெட்டி ஆகிவிடும். எலாஸ்டேன் வேண்டுமென்றால் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளுப்பு விஷயத்தில் ஒன்று மட்டும் பாருங்கள்: வெளுத்த திட்டு எங்கே இருக்கிறதோ அந்த இடம் முன்னால் வரும், கருத்த இடம் பின்வாங்கும். மார்பில் வட்டமாக வெளுக்க வைத்த ஜாக்கெட் மார்பு பெரியவர்களுக்கு வேண்டாம்.

தில்லியில் இந்த ஜாக்கெட்டுக்கு இரண்டு வாழ்க்கை. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க, மறுபடி பிப்ரவரி நடுவிலிருந்து ஹோலி வரை, இது மேலாடை. நடுவில் டிசம்பர், ஜனவரியில் டெனிம் தனியாகக் குளிரைத் தாங்காது. காற்று உள்ளே வரும், மூடுபனி ஈரத்தைப் பருத்தி குடித்துக்கொள்ளும். அப்போது உள்ளே ஸ்வெட்டரோ மேலே கோட்டோ வேண்டும். ஒரே ஜாக்கெட்டை இரண்டு பருவத்துக்கும் வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் மார்பில் 4 அங்குலக் கூடுதலோடு எடுத்துத் தோளில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். உள்ளே கம்பளி ரோமம் வைத்தது வாங்கினால், கைக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கைவிட்டுப் பாருங்கள். கையிலும் ரோமம் இருந்தால் ஸ்வெட்டர் சிக்கிச் சுருண்டு முழங்கையில் கட்டியாக நிற்கும்; வழவழப்பான லைனிங் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

புடவைக்கு மேல் டெனிம் போடுவது இங்கே பெண்களுக்கு வேடிக்கை அல்ல, தேவை. மார்கழி விடியலில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படியேறுபவர்களுக்கு அது தெரியும். இதில் தவறுவது பெரும்பாலும் இடது தோளில். ஐந்தாறு மடிப்பாக அடுக்கிக் குத்திய முந்தானைக்கு மேல் ஜாக்கெட் போட்டால் ஒரு தோள் உயர்ந்து நிற்கும். மடிப்பு வேண்டாம், முந்தானையை ஒற்றையாக விரித்து விட்டு, அதன்மேல் ஜாக்கெட் போட்டு, முனையைப் பின்னால் விளிம்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். இல்லையென்றால் ஜாக்கெட்டையே பிளவுஸ் மாதிரி பட்டன் போட்டு அணிந்து முந்தானையை மேலே எடுக்கலாம். அப்படிச் செய்தால் சேஃப்டி பின்னைத் தோள்தையலில் குத்தாதீர்கள், அங்கே துணி நாலைந்து அடுக்கு, பின் வளைந்துவிடும்; தையலுக்கு ஒரு அங்குலம் கீழே ஒற்றைத் துணியில் குத்துங்கள். புடவைக்கு 18, 19 அங்குல நீளம்தான். அதைவிட நீளமாகப் போனால் கொசுவத்தின் கனம் பட்டியை முன்னால் தள்ளி, இல்லாத வயிற்றை உண்டாக்கும்.

பட்டுப் புடவை என்றால் புதிய கருநீல ஜாக்கெட்டை நம்ப வேண்டாம். இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் தங்கும், உரசினால் ஒட்டும். ஈரக் கைக்குட்டையால் ஜாக்கெட்டின் உள்மடிப்பை இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். நீலம் பிடித்தால் இன்னும் இரண்டு மூன்று அலசல் தேவை. உலோகப் பட்டன்களின் பின்புறத்தில் கூர்மை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், சரிகை அதில்தான் மாட்டும்.

குர்த்தாவுக்கு விதி சின்னது. பக்கவாட்டுப் பிளவு தொடங்கும் இடத்துக்கு 3 அங்குலம் மேலே ஜாக்கெட் முடிய வேண்டும். பிளவின் வாயில் பட்டி வந்தால் குர்த்தா பிதுங்கும்.

ஆண்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டி பெல்ட்டை மூட வேண்டும், பின்புறத்தை மூடக் கூடாது. நடுத்தர உயரத்துக்கு 24 முதல் 26 அங்குலம். தொப்பை உள்ளவர்கள் இடுப்புப் பட்டைகளை வெளிப் பட்டனுக்குத் தளர்த்திவிட்டு, கீழிரண்டு பட்டன்களைப் போடாமல் விட்டாலே போதும்.

வாங்கப் போகும் இடம். சரோஜினி நகர் திங்கட்கிழமை மூடியிருக்கும். நடைபாதைக் குவியல்களில் போட்டுப் பார்க்க அறை கிடையாது, அதனால் மெல்லிய முழுக்கைச் சட்டையோடு போங்கள், டேப்பும் குறித்த அளவுகளும் கையில் இருக்கட்டும். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை அளந்து வைத்திருந்தால் அதுதான் உங்கள் அளவு ஜாக்கெட். லேபிள் அறுக்கப்பட்டிருந்தால், ஏற்றுமதிக்குத் தைத்துத் தேர்வாகாமல் திரும்பியதாக இருக்கலாம். ஏன் திரும்பியது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஜாக்கெட்டை நடுவில் மடித்துப் பாருங்கள்: இரண்டு பையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, காலர் முனைகள் ஒன்றா, கைகள் ஒரே நீளமா. பிறகு வெயிலில் பிடித்து, துண்டுக்குத் துண்டு நீலம் மாறுகிறதா என்று பாருங்கள். வேறு வேறு சுருளிலிருந்து வெட்டிய துண்டுகள் துவைக்கத் துவைக்க இன்னும் விலகும்.

எந்த ரெடிமேடும் ஒத்துவராத உடம்புக்கு, கனாட் பிளேஸ் பக்கம் பாபா கரக் சிங் மார்க்கில் மோகன் சிங் பிளேஸ் இருக்கிறது. அளவெடுத்து ஜீன்ஸ் தைப்பதற்குப் பேர்போன இடம். ஜாக்கெட் தைக்கும் கை வேறு என்பதால், தைத்து வைத்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இந்தி தட்டுத்தடுமாறினாலும் சில சொற்கள் போதும்: தோள் அகலத்துக்கு 'தீரா', கைக்கு 'ஆஸ்தீன்', கைமுனைச் சுற்றுக்கு 'மோஹரி', விளிம்புச் சுற்றுக்கு 'கேரா', நீளத்துக்கு 'லம்பாயி'. முழுத் தையலுக்கு முன் கச்சாவாக, தற்காலிகமாக நூலோட்டி ஒரு முறை போட்டுக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். டெனிமில் பிரித்தால் ஊசித்துளை தெரியும், உலோகப் பட்டன் அடித்துவிட்டால் துளை நிரந்தரம்.

ஆல்டரேஷனுக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ஆலையிலேயே முன்கூட்டிச் சுருங்க வைத்த டெனிமும் 3 சதவீதம்வரை சுருங்கலாம். 24 அங்குலத்தில் அது முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிச் சுருங்க வைக்காததாக இருந்தால் 10 சதவீதம்கூடப் போகும்.

கை நீளம் குறைப்பது எளிது: கைமுனைப் பட்டியான கஃபைப் பிரித்து, ஒன்றரை அங்குலம்வரை வெட்டி, திரும்ப வைப்பார்கள். அதற்கு மேல் போனால் கஃபுக்கு மேலுள்ள திறப்பு மறைந்து கை நுழையாது. பக்கம் பிடிப்பது ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம்வரை பரவாயில்லை. பெரிதாக்குவதற்குப் பெரும்பாலும் உள்ளே துணி இருக்காது. இருந்தாலும் மடிப்புக்குள் மறைந்திருந்த அடர்நீலம் கோடாக வெளியே தெரியும். தோளைக் குறைக்கக் கை, யோக் இரண்டையும் கழற்ற வேண்டும், அந்தக் கூலிக்கு இன்னொன்று வாங்கிவிடலாம்.

நீளம் குறைப்பதுதான் பலர் ஆசையோடு கேட்டு, வருத்தத்தோடு வாங்கிப் போவது. பட்டியைக் கழற்றி 3 அங்குலம் வெட்டித் திரும்பப் பொருத்தும்போது, ட்ரக்கர் வெட்டில் உடல்பாகம் கீழே ஒடுங்குவதால், மேலே வெட்டிய விளிம்பு பட்டியைவிட அகலமாக வரும். மீதியைச் சுருக்கி உள்ளே தள்ளினால் பலூன் ஆகிவிடும். பக்கத் தையல்களில் பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். பக்கப் பைகள் இருந்தால் பைத்துணி எவ்வளவு கீழே இறங்குகிறது என்று வெட்டும் முன் தடவிப் பார்க்கட்டும். கடைசிப் பட்டன் வெட்டுக்கோட்டில் விழாமலும், பட்டிப் பட்டனுக்கும் அதற்கு மேலுள்ளதற்கும் 2 அங்குலமாவது இருக்கும்படியும் நீளத்தைத் தீர்மானிப்பது நல்லது. வீட்டு மெஷினில் செய்பவர்கள் 16 அல்லது 18 எண் ஊசி போட்டு, தையல்கள் கூடும் தடித்த முடிச்சுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக்கொண்டு, அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகப் போகலாம். வெட்டிய துண்டைக் கடையிலேயே விட்டுவராதீர்கள். முழங்கை கிழியும்போது ஒட்டுப் போட அதே வெளுப்பில் துணி வேறெங்கும் கிடைக்காது.